டிக்கியிலிருந்து பாடும் டி.எம்.எஸ்.

கேள்வி:

திருத்தணியில் டாக்ஸி ஓட்டுகிறேன். சொந்த வண்டி, டிசையர். சென்னை, திருப்பதி சவாரிதான் அதிகம். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஓயாமல் ஓடும். போன மாதம் டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபர் போட்டேன், டியூப் வைத்த ரெடிமேட் பெட்டி. தனி மோனோ ஆம்ப், 4 ஓமில் 300 வாட் ஆர்.எம்.எஸ். என்று அட்டையில் இருக்கிறது. முன்கதவில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், அது ஸ்டீரியோவிலிருந்தே நேராக ஓடுகிறது.

இவ்வளவு செலவு செய்தும் சத்தம்தான் வருகிறது, பாட்டு வரவில்லை. டி.எம்.எஸ். பாடினால் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது. வால்யூம் கூட்டினால் கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது. மலைப்பாதையில் ஏறும்போது பின்சீட்டிலிருந்த அம்மா, "நெஞ்சை அடைக்குது தம்பி, நிறுத்திடு" என்றே சொல்லிவிட்டார். ஆம்பில் எல்.பி.எஃப். திருகு (50 முதல் 250 வரை), கெயின், பேஸ் பூஸ்ட், சப்சானிக், ஃபேஸ் எல்லாம் உண்டு. மாட்டியவர் எல்.பி.எஃப்.பையும் பூஸ்ட்டையும் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டார். நண்பன் 120-ல் வை என்கிறான், யூடியூபில் 80 என்கிறார்கள். எது சரி? 15 இஞ்ச்சுக்கு மாறினால் தீருமா?

– டாக்ஸி ஓட்டுநர், திருத்தணி

பதில்:

15 இஞ்ச் வேண்டாம் தம்பி. இருக்கிற 12 இஞ்ச்சே உங்கள் வண்டிக்குத் தாராளம். கடிதத்தில் எனக்கு உறுத்தியது சப் இல்லை, கதவு ஸ்பீக்கர். சப்புக்கு எந்த எண் என்று உங்கள் நண்பரும் யூடியூப்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள். கதவு ஸ்பீக்கருக்கு எச்.பி.எஃப். போட்டாயா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்திலும் அந்தப் பேச்சே இல்லை. ஸ்டீரியோ மெனுவில் அது 'ஆஃப்' என்றோ 'த்ரூ' என்றோ கிடக்கும், போய்ப் பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கினால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்.பி.எஃப். என்பது குறித்த எண்ணுக்குக் கீழே உள்ளதை விட்டு மேலே உள்ளதைக் குறைப்பது, அது சப்புக்கு. எச்.பி.எஃப். நேர்மாறு, அது கதவுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் கிராஸ்ஓவர். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டால் கதவும் டிக்கியும் ஒரே சுருதியை ஆளுக்கொரு பக்கம் வாசித்துக்கொண்டிருக்கும்.

கதவு ஏன் கரகரக்கிறது? சுருதி பாதியாக இறங்கினால், அதே சத்தம் தருவதற்கு ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைவு போதும் என்றால் 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. ஓட்டத்தின் முனையைத் தொட்டதும் முனகுகிறது. அதே கோனில்தான் பாடகர் குரலும் ஓடுகிறது என்பதால் அதுவும் சேர்ந்து கெடுகிறது. போதாக்குறைக்கு, ஸ்டீரியோ முகப்பில் '50 வாட் x 4' என்று மின்னுகிறதே, அதை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப் ஒரு ஸ்பீக்கருக்கு நின்று தருவது 15 முதல் 20 வாட்தான். கதவால் பாடவே முடியாத கீழ்ச்சுருதி அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டால் குரலுக்கு என்ன மிஞ்சும்?

மெனுவில் முன் ஸ்பீக்கருக்கு எச்.பி.எஃப். 80, ஸ்லோப் 12 டெசிபெல் என்று வையுங்கள். பின்கதவில் கம்பெனி ஸ்பீக்கர் இருந்தால் அதற்கு 100. பிறகு சப்பை அணைத்துவிட்டுக் கதவை மட்டும் கேளுங்கள். பாட்டு மெலிந்துபோன மாதிரி இருக்கும், பரவாயில்லை. வால்யூமை ஏற்றிப் பாருங்கள், முன்பு கரகரத்த இடத்தைத் தாண்டியும் குரல் சுத்தமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முன்பக்கத்தையும் 100 ஆக்கிவிடுங்கள். மலிவு ஆண்ட்ராய்டு செட்டாக இருந்து அதில் எச்.பி.எஃப். இல்லவே இல்லை என்றாலும் வழி உண்டு. 4 ஓம் ஸ்பீக்கரின் வயரில் தொடராக 470 மைக்ரோஃபாரட் பைபோலார் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் 85 ஹெர்ட்ஸ் வாக்கில் மெதுவாக வெட்டும். முனைக்குறி போட்ட சாதாரண எலெக்ட்ரோலைட்டிக்கைப் போட்டுவிடாதீர்கள், அது நாளடைவில் கெட்டுவிடும்.

இனி சப்புக்கு வருவோம். பாடகர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்ததற்குக் காரணம், திருகு 250-ல் இருப்பது. ஆண் குரலின் கீழ் ஸ்வரங்கள் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. டி.எம்.எஸ்., சீர்காழி போன்ற கனத்த குரல்களின் பாதி உடம்பு 100-க்கும் 250-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை டிக்கிக்கு அனுப்பினால் அவர்கள் டிக்கியிலிருந்துதான் பாடுவார்கள். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் சரியாகப் பிரிக்க முடியாது. 80 என்ற எண் பிரபலமானது இதனால்தான், சினிமா ஒலிக்கான டி.எச்.எக்ஸ். தரமும் அதையே பிடித்துக்கொண்டது. ஆக யூடியூப் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்ததோடு வேலை முடிந்ததென்று சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

80-ல் வைத்தால் 81-ல் ஒன்றும் வராது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1960-ல் எல்லைக் கோடு மாறித் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு வரைபடத்தில் ஒரு முடிபோல மெல்லியது. ஆனால் நகரி தாண்டிப் புத்தூர் போகிறவரை தமிழ் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, போகப் போகத் தேய்கிறது, அவ்வளவுதான். திருத்தணிக் கடைத்தெருவில் தெலுங்கும் அப்படித்தான். ஃபில்டரும் தேய்க்கத்தான் செய்யும், எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறது என்பதுதான் ஸ்லோப். 12 டெசிபெல் ஸ்லோப் என்றால் சுருதி இரட்டிப்பாகும்போது சிக்னல் கால்வாசியாகக் குறையும், 24 என்றால் பதினாறில் ஒரு பங்காக. இப்போது நண்பர் சொன்ன 120-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 டெசிபெல் ஸ்லோப்பில் 240 ஹெர்ட்ஸிலும் சப் கால்வாசி வாசித்துக்கொண்டிருக்கும். குரல் பின்னால் கேட்காமல் என்ன செய்யும்? ஸ்டீரியோவில் 24 கிடைத்தால் சப்புக்கு அதையே எடுங்கள்.

அடுத்தது உங்களுக்கு மாட்டியவர் கவனிக்காத ஒன்று. எல்.பி.எஃப். ஸ்டீரியோ மெனுவிலும் இருக்கும், ஆம்பிலும் இருக்கும். இரண்டையும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வெட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரில் ஒரு கிராஸ்ஓவர் இருக்கிறது. லிங்க்விட்ஸ் 1976-ல் அதைப் பற்றி எழுதினார். 12 டெசிபெல் பட்டர்வொர்த் ஃபில்டர் இரண்டை ஒரே எண்ணில் அடுத்தடுத்து வைத்தால் கிடைப்பது அதுதான். இரு பக்கமும் சேரும் இடத்தில் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சமமாகக் கூடும். அப்படியானால் இரண்டு ஃபில்டர் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இரண்டும் மிகச் சரியாக ஒரே எண்ணில் நின்றால் நல்லது. ஆம்ப் திருகில் அச்சடித்த எண் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. எனவே ஒன்றை விலக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஸ்டீரியோவின் ஃபில்டர் டிஜிட்டல், 80 என்றால் 80-தான். அதை வைத்துக்கொண்டு ஆம்ப் திருகை 250-லேயே விட்டுவிடுங்கள், 'ஆஃப்' இருந்தால் ஆஃப். அதாவது மாட்டியவர் கடைசி வரை திருப்பியது, ஸ்டீரியோவில் 80 போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஸ்டீரியோவில் எல்.பி.எஃப். இல்லையென்றால் ஆம்ப் திருகுதான் கதி. 50-க்கும் 250-க்கும் நடுவில் எண்ணே இருக்காது. பாதிச் சுற்று என்றால் 150 என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். திருகு பெரும்பாலும் அப்படிச் சமமாக ஏறுவதில்லை, பாதிச் சுற்றில் 110 வாக்கில்தான் நிற்கும். 80 வேண்டுமென்றால் மொத்தச் சுற்றில் கால் பாகத்துக்குச் சற்று மேலே. அங்கே வைத்து, பின்னணி அதிகமில்லாத ஓர் ஆண் குரலைப் போட்டுக் கேளுங்கள். கந்த சஷ்டி கவசத்தைப் போட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் ஊரில் காலையில் வண்டியை எடுத்ததும் முதலில் ஓடுவது அதுதான் என்று தெரியும். சூலமங்கலம் சகோதரிகளின் குரல் சப்பின் எல்லைக்கு வெகு மேலே இருப்பதால், தப்பான செட்டிங்கிலும் அது ஓரளவு நன்றாகவே கேட்டு உங்களை ஏமாற்றிவிடும். குரல் பின்னால் நகரும் வரை திருகை மெல்ல ஏற்றி, நகர்ந்ததும் சற்றே இறக்கி நிறுத்துங்கள்.

பேஸ் பூஸ்ட் பூஜ்யம். இதில் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தத் திருகு வழக்கமாக 45 ஹெர்ட்ஸ் வாக்கில் 12 டெசிபெல் வரை தூக்கும். 12 டெசிபெல் என்றால் அந்த இடத்தில் ஆம்ப் 16 மடங்கு சக்தி தர வேண்டும். 20 வாட் கேட்ட பாட்டு 320 வாட் கேட்கும். ஆம்ப் எங்கே போகும்? அலையின் தலையை வெட்டி அனுப்புகிறது, அதுதான் கிளிப்பிங். வாய்ஸ் காயில் கருகும் வாடை டிக்கியில் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். தவிர, கண்ணாடி ஏற்றிய காரின் உள்ளே மிகக் கீழ்ச்சுருதி தானாகவே தூக்கிக் கொடுக்கப்படுகிறது. அலையின் நீளத்தைவிட அறை சிறியதாக இருந்தால் காற்றை மொத்தமாக அழுத்தி எடுக்கத்தான் முடியும். வீட்டு ஹாலில் கிடைக்காத அதிர்வு காரில் சும்மாவே கிடைப்பது அதனால்தான். அந்த அம்மாவின் நெஞ்சை அடைத்தது இந்த அழுத்தம், அதன் மேல் ஒரு பூஸ்ட் வேறு.

கெயின் திருகு வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்துவது மட்டும்தான் அதன் வேலை. 300 வாட், 4 ஓம் என்றால் ஆம்ப் வாயில் இருக்க வேண்டியது ஏறக்குறைய 34.6 வோல்ட் (300-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்). ஆனால் முதலில் ஆம்பின் ஃபியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 14 வோல்ட்டில் உள்ளே போவதே 210 வாட்தான், வெளியே 300 எப்படி வரும்? அட்டை பொய் சொல்கிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் 28 வோல்ட்டோடு நிறுத்துங்கள், அது 200 வாட். இரண்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபெல்கூடக் கிடையாது, காதில் தெரிவது சிரமம். செய்முறை இதுதான்: வெட்டவெளியில் வண்டியை ஸ்டார்ட்டிலேயே விட்டு, சப் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்டீரியோ ஈக்வலைசரைச் சமமாக்கி, வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, போனில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப் வாயைத் தொட்டு, அந்த எண் வரும்வரை கெயினை ஏற்றுங்கள். அதுதான் உச்சவரம்பு. அங்கிருந்து இறக்கலாம், ஏற்றக் கூடாது. மீட்டர் இல்லாவிட்டால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் எவரிடமும் இருக்கும்.

உங்களுடையது டியூப் பெட்டி என்பதால் சப்சானிக் அவசியம். டியூப் எந்தச் சுருதிக்கு வெட்டப்பட்டிருக்கிறதோ, அதற்குக் கீழே போனால் கோனுக்குப் பின்னால் காற்றின் பிடிமானம் போய்விடும். சத்தம் வராது, கோன் மட்டும் வெளியே பாயும். 30-ல் வையுங்கள். பேஸ் கிதாரின் அடித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான், ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

ஃபேஸ் பொத்தானை யாரும் தொடுவதில்லை, தொட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். டிக்கியிலிருந்து உங்கள் காதுக்கு உள்ள தூரம் கதவிலிருந்து உள்ளதைவிட 1 மீட்டராவது அதிகம். கிட்டத்தட்ட கால் அலை பிந்தி வருகிறது. ஃபில்டரும் தன் பங்குக்கு அலையைத் திருப்பும். 12 டெசிபெல் ஃபில்டர்கள் இரு பக்கமும் இருந்தால் சந்திக்கும் இடத்தில் நேர் எதிராகவே நிற்கும். கதவு காற்றைத் தள்ளும்போது டிக்கி இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, அந்த இடத்தில் மேளமே காணாமல் போகும். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, 0, 180 இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் அதிகமோ அது சரி. ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால் முன்கதவுகளை 3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். இது சரியாக அமைந்துவிட்டால் பேஸ் டிக்கியை விட்டு டேஷ்போர்டுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். இவ்வளவு பெரிய மாற்றத்தைக் காசில்லாமல் தருவது இந்த ஒரு பொத்தான்தான்.

இவ்வளவும் செய்த பிறகு பழைய முருகன் பாட்டைப் போட்டால் சப் சும்மா இருக்கிறதே என்று தோன்றும். இருக்கட்டும். 1960-களில் பதிவான அந்தப் பாட்டுகளில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் இருக்காது. இல்லாததை வரவழைக்க நினைத்துத்தான் எல்லோரும் எல்.பி.எஃப்.பை ஏற்றிக் குரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தவிலின் தொப்பிப் பக்கம், உறுமியின் இழுப்பு, இளையராஜா பாட்டில் பேஸ் கிதார், இவை வரும்போது சப் விழித்துக்கொள்ளும். 'ரோஜா'வுக்குப் பிந்தைய படப் பாட்டுகளிலும் புதுத் தெலுங்குப் பாட்டுகளிலும் அதற்கு நிறையவே வேலை இருக்கும்.

நீங்கள் டாக்ஸிக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நின்ற வண்டியில் அளவாக இருக்கும் பேஸ், திருப்பதி ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் காணாமல் போகும். டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் பெரும்பாலும் கீழ்ச்சுருதியிலேயே இருப்பதால் அவை சப்பை மூடிவிடும். அங்கே ஏற்றிவிட்டு, அப்படியே மலைப்பாதையில் 20-ல் ஏறினால் மூடியிருந்த இரைச்சல் விலகி, பின்சீட்டுக்காரர் முதுகில் அத்தனையும் இடிக்கும். சீட்டுக்குப் பின்னாலேயே பெட்டி, அவருக்குக் கேட்பதில் பாதிகூட உங்களுக்குக் கேட்காது. ஸ்டீரியோவில் 'சப் லெவல்' என்று ஒன்று இருக்கும். சாலையில் இரண்டு மூன்று புள்ளி கூட்டுங்கள், மலையடிவாரத்தில் குறையுங்கள். கிராஸ்ஓவரைத் தொடாதீர்கள், அது ஒருமுறை வைத்துவிட்டு மறக்க வேண்டியது. மொட்டை போட்டுத் தூக்கக் கலக்கத்தில் திரும்பும் குடும்பத்துக்கு சப்பை முழுக்கவே அணைத்துவிடலாம். கண்ணாடியும் தகரமும் மேல்சுருதியை அடைக்கும், கீழ்ச்சுருதியை அடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். படியேறுகிறவர்களுக்கு உங்கள் வண்டியிலிருந்து கேட்பது பாட்டாக இருக்காது, 'தும் தும்' மட்டும்தான்.

பின்னால் லொடலொடப்பு கேட்டால் அதற்கும் சப்பைத் திட்டாதீர்கள். நம்பர் பிளேட், டிக்கி மூடி, பின்சீட்டுக்கு மேலுள்ள பலகை, இந்த மூன்றையும் டோன் ஓடும்போது கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள். 15 இஞ்ச்சுக்கு எடுத்து வைத்த பணத்தில் முன்கதவுகளுக்கு டாம்பிங் ஷீட் போடுங்கள். கதவுத் தகரம் அடங்கினால் ஆறரை இஞ்ச்சே 80 வரை உறுதியாக இறங்கும். பெட்டியை டிக்கித் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கட்டாவிட்டால் மலை வளைவில் சறுக்கி ஆம்ப் வயரைப் பிடுங்கிவிடும். அடியில் ஸ்டெப்னி இருப்பதால் அவிழ்க்க எளிதான பக்கிள் வைத்த பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.